பேண்ட் சா பிளேடுக்கு ஸ்டீல் வாங்கும் முன் சக்கரத்தை அளந்துகொள்ளுங்கள்

பேண்ட் சா பிளேடு, அதாவது இரண்டு சக்கரங்களின் மேல் வளையமாக ஓடி மரம் அறுக்கும் பட்டை வாள், செய்யப் புதிதாக இறங்குகிறவர்கள் பாரிமுனைக் கடைகளில் கேட்பது, "இருக்கிறதிலேயே கெட்டியான ஸ்டீல் பட்டை எது?" என்றுதான். கேள்வியே தப்பு. கடினம் பல் நுனிக்கு வேண்டும். பிளேடின் உடம்பு சக்கரத்தில் வளைந்து வளைந்து நிமிர வேண்டும்.

எத்தனை தடவை? 900 மி.மீ. சக்கரம் நிமிடத்துக்கு 600 சுற்று ஓடினால், 6.5 மீட்டர் பிளேடு இரண்டு சக்கரத்திலுமாக நிமிடத்துக்குச் சுமார் 520 முறை வளையும். ஒரு மணி நேரத்தில் 31,000.

படி 1: சக்கர விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் பட்டையின் தடிமன். 900-க்கு 0.9 மி.மீ. நாள்பட உழைக்கட்டும் என்று 1.2 போட்டால் வளைவில் ஏறும் தகைவு (ஸ்ட்ரெஸ்) மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். பல்லிடுக்கின் அடியில் முடி போல விரிசல் தெரியும்; அப்புறம் அறுந்துவிடும்.

படி 2: கிரேடு. வேம்பு, மா மாதிரி மரங்களுக்கு 0.75 சதவீதம் கார்பன் உள்ள சி75 ஸ்டீல் போதும். அகலப் பிளேடு, பெரிய கட்டை என்றால் அதே கார்பனோடு 2 சதவீத நிக்கல் சேர்ந்த 75நிக்கல்8 எடுங்கள். விலை கூடுதல்தான், ஆனால் விரிசல் சீக்கிரம் ஓடாது. சைடன்ஹாம்ஸ் சாலை மரக்கடைகளுக்குத் தேக்கு அறுப்பதென்றால் கதை வேறு. தேக்கில் சிலிகா உண்டு, பல் மழுங்கிவிடும். அதற்காக உடம்பைக் கெட்டியாக்காதீர்கள். பல் நுனியில் ஸ்டெல்லைட் (தேயாத கோபால்ட் உலோகக் கலவை) வையுங்கள்.

படி 3: பதம் போட்டு வந்த பட்டையாகவே கேளுங்கள், கடினத்தை அளக்கும் ராக்வெல் சி அளவில் 42 முதல் 46 வரை. ஆறு மீட்டர் பட்டையை நாமே துவைச்சல் போட்டால் (சூடாக்கித் தோய்த்துக் கடினமாக்கினால்) பாம்பாய் நெளியும், நிமிர்த்துவது பெரும்பாடு. சோதிக்க, ஓரடித் துண்டைக் கையால் லேசாக வளைத்து விடுங்கள். நேராகத் திரும்பினால் பதம் ஏறியது, வளைந்தே நின்றால் வெறும் பட்டை. பிறகு அரம் போட்டுப் பாருங்கள். முரண்டு பிடித்துத்தான் கடிக்க வேண்டும். வழுக்கினால் மிகக் கடினம், உடைந்துவிடும்.

படி 4: வெல்டிங். பிளேடு பெரும்பாலும் அறுவது இங்கேதான். இவ்வளவு கார்பன் உள்ள ஸ்டீல் பற்றவைத்ததும் வேகமாக ஆறினால் கண்ணாடி போல நொறுங்கும். இணைப்பை மங்கிய சிவப்பு வரை மறுபடி சூடாக்கி, மெல்ல ஆற விடுங்கள். தண்ணீரோ ஈரத் துணியோ பக்கத்திலேயே வரக்கூடாது. பிசிறைத் தேய்த்தபின் இணைப்பின் தடிமன் பட்டையோடு ஒன்றாக இருக்க வேண்டும்.

பல் வெட்டியபின் இடுக்கின் அடியை உருண்டையாகச் சாணை பிடியுங்கள். பஞ்ச் அடித்த கூர்மூலையை விடாதீர்கள். சாணைச் சூட்டில் நீலம் பாய்ந்தால் அங்கே பதம் கெட்டது.

சென்னைக் காற்றில் உப்பும் ஈரமும் உண்டு. சுருட்டிய பட்டையை எண்ணெய் தடவித்தான் வையுங்கள். பல்லடியில் துருக்குழி விழுந்தால் விரிசல் அங்கிருந்தே கிளம்பும்.