ரங்கூன் கடையின் வலைத்தளத்தைக் கூகுளில் வரவைப்பது எப்படி: முதலில் எழுத்தைச் சரிசெய்யுங்கள்

என் மாமா ரங்கூனில், அநோரத்தா சாலைக்குப் பக்கத்துத் தெருவில், கல்யாணச் சமையலும் கோயில் அன்னதானச் சமையலும் ஆர்டர் எடுத்துச் செய்கிறார். கடைக்குத் தமிழ், பர்மியம், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் ஒரு வலைத்தளம் உண்டு. தளம் தொடங்கி நான்கு ஆண்டுகள் ஆன பிறகும், "ரங்கூன் கல்யாணச் சமையல்" என்று கூகுளில் தேடினால் அது எந்தப் பக்கத்திலும் வரவில்லை. கடையின் பெயரை ஆங்கிலத்தில் அடித்தால் மட்டுமே வந்தது. கணக்கு எழுதுவதற்காகக் கடைக்குப் போய்வரும் நான் அதைச் சரிசெய்யும் பொறுப்பை ஏற்றுக்கொண்டேன். அப்போது கற்றுக்கொண்டவற்றை, இதே நிலையில் இருக்கும் கடைக்காரர்களுக்கும் சங்கத்தாருக்கும் கோயில் அறங்காவலர்களுக்கும் உதவும் என்று இங்கே வரிசையாக எழுதுகிறேன். டொமைன், ஹோஸ்டிங், வேர்ட்பிரஸ் ஆகியவை உங்களிடம் ஏற்கெனவே இருக்கின்றன என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: தளம் கூகுளின் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள்

கூகுள் தேடல் பெட்டியில் "சைட்" என்ற சொல்லை ஆங்கில எழுத்தில் அடித்து, ஒரு முக்காற்புள்ளி இட்டு, இடைவெளி விடாமல் உங்கள் தளத்தின் முகவரியை எழுதித் தேடுங்கள். உங்கள் பக்கங்கள் வந்தால் அடுத்த படிக்குப் போகலாம். எதுவுமே வராவிட்டால் வேர்ட்பிரஸ் செட்டிங்ஸில் ரீடிங் என்ற பகுதியைத் திறந்து, தேடுபொறிகள் வர வேண்டாம் என்று சொல்லும் பெட்டியில் டிக் இருக்கிறதா என்று பாருங்கள். தளம் கட்டும்போது போட்ட டிக்கை எடுக்க மறந்துவிடுவது வழக்கமாக நடப்பதுதான்.

இதே வேளையில், தளம் வைத்திருப்பவர்களுக்குக் கூகுள் இலவசமாகத் தரும் சர்ச் கன்சோல் என்ற கருவியில் உங்கள் தளத்தைப் பதிவு செய்துவிடுங்கள். அதில் டொமைன், முகவரி முன்னொட்டு என்று இரண்டு வழிகள் காட்டப்படும். டொமைன் பெயரைத் தளத்தோடு இணைக்கும் டிஎன்எஸ் அமைப்பைத் திறக்கும் கடவுச்சொல் உங்களிடம் இருந்தால் டொமைன் வழியையே தேர்ந்தெடுங்கள் என்பேன். மூன்று டபிள்யூ உள்ள முகவரி, இல்லாத முகவரி, பூட்டுக்குறி உள்ளது, இல்லாதது எல்லாம் அந்த ஒரே பதிவில் அடங்கிவிடும்.

படி 2: உங்கள் தமிழ் உண்மையில் தமிழ்தானா என்று சோதியுங்கள்

நான் பல வாரங்கள் சிக்கிக்கொண்ட இடம் இதுதான். மற்ற படிகளில் அவசரப்பட்டாலும் இதில் அவசரப்படாதீர்கள்.

எங்கள் தளத்தின் தமிழ்ப் பக்கம் திரையில் அழகாகவே தெரிந்தது. ஒருநாள் அதிலிருந்து ஒரு பத்தியைக் காப்பி செய்து, சரிபார்க்கச் சொல்லி அத்தைக்கு வைபரில் அனுப்பினேன். "என்னம்மா அனுப்பியிருக்கே, எல்லாம் இங்கிலீஷ் எழுத்தா கிறுக்கிக் கிடக்கே" என்று அத்தை பதில் போட்டார். பார்த்தால், "தமிழ்" என்று இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் இருந்தன. நான்கு ஆண்டுகளாகக் கூகுள் படித்துவந்ததும் அதைத்தான்.

காரணம் பாமினி எழுத்துரு. பாமினியில் ஆங்கில எழுத்துகளுக்கான இடங்களில் தமிழ் வடிவங்கள் வரையப்பட்டிருக்கின்றன. கல்யாணப் பத்திரிகையும் கோயில் நோட்டீசும் அச்சடிப்பதற்கு அது போதும், ஏனென்றால் தாளுக்கு வடிவம் மட்டும் இருந்தால் போதுமானது. எங்கள் தளத்தின் தமிழை அச்சகத்தில் பத்திரிகை கோக்கும் ஒருவர் தட்டச்சு செய்து கொடுத்திருந்தார். தளம் கட்டியவர் அந்த எழுத்துருவையும் சேர்த்து ஏற்றியிருந்தார். அதனால் கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தது. தேடுபொறிக்கோ அது வெறும் ஆங்கில எழுத்துக் குவியல். உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் பொதுவான யூனிகோடு முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் தனக்கென்று ஓர் எண் உண்டு, 1991இல் வெளிவந்த முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தது. தேடுபொறிக்குத் தெரிந்த தமிழ் அந்தத் தமிழ்தான்.

ஆகவே உங்கள் பக்கத்திலிருந்து ஒரு வரியைக் காப்பி செய்து, போனில் வைபரிலோ நோட்பேடிலோ ஒட்டிப் பாருங்கள். தமிழாகவே நின்றால் அது யூனிகோடு. கிறுக்கலாக மாறினால் பாமினியோ வேறு பழைய எழுத்துருவோ ஆகும்.

மாற்றுவதற்கு என்எச்எம் கன்வர்ட்டர் என்ற இலவச மென்பொருளைப் பரிந்துரைக்கிறேன். மாற்றத் தொடங்கும் முன் தளத்தின் முழு பேக்கப்பையும் எடுத்து வையுங்கள். பிறகு பின்வரும் இரண்டு இடங்களில் கவனமாக இருங்கள்.

முதலாவது, பாமினிப் பத்தியின் நடுவே உண்மையான ஆங்கிலச் சொற்கள் இருந்தால், மின்னஞ்சல் முகவரி போன்றவை, மாற்றும் மென்பொருள் அவற்றையும் தமிழாக்க முயன்று பொருளற்ற எழுத்துகளாக்கிவிடும். அவற்றை முன்கூட்டியே வெட்டி வைத்துக்கொண்டு, மாற்றி முடித்த பிறகு திரும்பச் சேருங்கள்.

இரண்டாவதுதான் கண்ணுக்கு எளிதில் அகப்படாதது. பாமினியில் கொம்பு மெய்க்கு முன்னால் வரும்: "வெளியூர்" என்று எழுத, முதலில் கொம்பு, பிறகு வ, பிறகு ள என்று அடிப்பார்கள். "மௌனம்" என்று எழுதுவதற்கும் கொம்பு, ம, ள என்ற அதே வரிசைதான். ஆகவே சில மாற்றிகள் "வெளி" என்பதையும் ஔகாரம் என்று எடுத்துக்கொண்டு "வௌி" என்று ஆக்கிவிடுகின்றன. எங்கள் பக்கத்தில் "வெளியூர் ஆர்டர்களும் எடுக்கப்படும்" என்ற வரி "வௌியூர்" என்று ஆகியிருந்தது. "வெள்ளிக்கிழமை" "வௌ்ளிக்கிழமை" ஆகியிருந்தது. வாசிக்கிறவர் அதைக் கவனிக்காமலே தாண்டிப் போய்விடுவார். ஆனால் "வெளியூர்" என்று சரியாக அடித்துத் தேடுகிறவருக்கும் நம் பக்கத்துக்கும் இடையே சொல் பொருந்தாமல் போய்விடும்.

திருத்தும் வழி எளிது. தமிழில் ஔகாரக் குறிக்குப் பின்னால் இன்னொரு உயிர்க்குறியோ புள்ளியோ வரவே வராது. எனவே உரையை நோட்பேட் பிளஸ் பிளஸில் திறந்து, "ௌி" என்பதை "ெளி" என்றும், "ௌ்" என்பதை "ெள்" என்றும், அவ்வாறே "ௌா", "ௌு", "ௌை" ஆகியவற்றையும் ஒவ்வொன்றாகத் தேடி மாற்றுங்கள். எதிர்ப்பக்கத் தவறும் உண்டு: "கௌரி" என்பதைக் கொம்பும் ளகரமும் வைத்து "கெளரி" என்று அடித்திருப்பார்கள். அதற்கு இப்படிப்பட்ட விதி எதுவும் கைகொடுக்காது. ஆட்பெயர்களையும் ஊர்ப்பெயர்களையும் கண்ணால் பார்த்துத்தான் திருத்த வேண்டும்.

எல்லாம் முடிந்த பின் பழைய பாமினி எழுத்துருவைத் தளத்திலிருந்து நீக்கிவிடுங்கள். அது அங்கேயே இருந்தால், பக்கத்தில் உள்ள ஆங்கிலச் சொற்கள் திரையில் தமிழ்க் கிறுக்கல்களாகத் தெரியும். இன்றைய போன்களில் தமிழ் எழுத்துரு உள்ளேயே இருப்பதால், தனி எழுத்துரு எதையும் ஏற்றாமல் விடுவதையே நான் விரும்புகிறேன்; பக்கமும் வேகமாகத் திறக்கும்.

படி 3: பர்மிய உரையையும் அதே கண்ணோடு பாருங்கள்

பர்மாவில் தளம் நடத்துகிற நமக்கு இந்தச் சிக்கல் இரட்டிப்பு. பர்மிய எழுத்து 1999இல் யூனிகோடுக்குள் வந்தபோதிலும், நாட்டில் பல ஆண்டுகள் பரவலாகப் புழங்கியது ஜோஜி எழுத்துருதான். 2019 அக்டோபர் 1ஆம் தேதியை யூனிகோடுக்கு மாறும் நாளாக அரசு அறிவித்தது. அதற்கு முன் எழுதப்பட்ட பக்கங்கள் பல இன்னும் ஜோஜியிலேயே கிடக்கின்றன.

ஜோஜி பாமினியைப் போல ஆங்கில எழுத்துகளின் இடத்தில் உட்காரவில்லை. பர்மிய யூனிகோடின் இடங்களிலேயே உட்கார்ந்து, அவற்றை வேறு விதமாகப் பயன்படுத்துகிறது. நம் கொம்பைப் போலவே பர்மியத்திலும் மெய்க்கு இடப்பக்கம் எழுதும் ஓர் உயிர்க்குறி உண்டு. யூனிகோடு அதை மெய்க்குப் பின்னும் ஜோஜி மெய்க்கு முன்னும் சேமிக்கின்றன. இரண்டும் ஒரே எண்களைப் பயன்படுத்துவதால், ஒரு வரி எந்த முறையில் எழுதப்பட்டது என்பதை இயந்திரம் ஊகித்துத்தான் அறிய வேண்டியிருக்கிறது. உங்கள் வியாபாரத்தை அந்த ஊகத்தை நம்பி விடாதீர்கள்.

மாற்றுவதற்கு ராபிட் கன்வர்ட்டர் எனக்கு நன்றாக உதவியது. ஆனால் ஏற்கெனவே யூனிகோடில் உள்ள வரியை மறுபடியும் மாற்றியில் போட்டால் உரை சிதைந்துபோகும். எங்கள் தளத்தில் பழைய பக்கங்கள் ஜோஜியிலும் புதியவை யூனிகோடிலும் இருந்தன. அது தெரியாமல் எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றி, ஒரு மாலை முழுவதும் பேக்கப்பிலிருந்து மீட்டுக்கொண்டிருந்தேன். புதிய போனில் ஒவ்வொரு பக்கத்தையும் திறந்து பாருங்கள். எழுத்துகள் உடைந்து தெரியும் பக்கம்தான் ஜோஜி. அதை மட்டும் மாற்றுங்கள்.

பிற்சேர்க்கை: இதைப் படித்த மோல்மேன் நகர வாசகர் ஒருவர், பக்கங்கள் எல்லாவற்றையும் மாற்றிய பிறகும் தேடல் முடிவில் தலைப்பு உடைந்தே வருகிறது என்று எழுதினார். அவர் மாற்றியது பக்கத்தின் உடலை மட்டுந்தான். தேடலுக்கான விவரங்களை எழுத வேர்ட்பிரஸில் சேர்க்கும் துணை மென்பொருளான எஸ்இஓ பிளகினில் தனியாக எழுதிய தலைப்பும் விளக்கமும், படங்களுக்கு எழுதிய மாற்று உரையும் ஜோஜியிலேயே இருந்தன. மெனுப் பெயர்களையும் சேர்த்து அந்த நான்கு இடங்களையும் மறக்காமல் பாருங்கள்.

படி 4: மொழிக் குறியீடு

மூன்று மொழிப் பக்கங்களும் ஒன்றுக்கொன்று மொழிபெயர்ப்பு என்பதைத் தேடுபொறிக்குச் சொல்லும் குறிக்கு எச்ரெஃப்லாங் என்று பெயர். தமிழுக்கு டி-ஏ, ஆங்கிலத்துக்கு இ-என். பர்மிய மொழிக்கு எம்-ஒய். நான் நாட்டின் குறியீடான எம்-எம் என்பதைப் போட்டுவிட்டேன். அது மொழிக் குறியீடே அல்ல என்பதால் பயனற்றுக் கிடந்தது. எம்-ஒய் என்பது நாட்டுக் குறியீடாக வந்தால் மலேசியாவைக் குறிக்கும் என்பதால்தான் இந்தக் குழப்பம். இந்த இடத்தில் வேண்டியது மொழி, நாடு அல்ல. மேலும், தமிழ்ப் பக்கம் பர்மியப் பக்கத்தைச் சுட்டினால் பர்மியப் பக்கமும் தமிழ்ப் பக்கத்தைத் திருப்பிச் சுட்ட வேண்டும். பாலிலாங் என்ற பிளகினின் இலவசப் பதிப்பே இதையெல்லாம் தானாகச் செய்துவிடும். கையால் எழுத வேண்டாம்.

படி 5: மக்கள் எந்தச் சொல்லால் தேடுகிறார்கள்

ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித்தனித் தலைப்பு வேண்டும். "முகப்பு" என்றோ கடையின் பெயரை மட்டுமோ தலைப்பாக வைப்பது இடத்தை வீணாக்குவதாகும். "ரங்கூனில் கல்யாணச் சமையல், அன்னதானச் சமையல்" என்று செய்கிற தொழிலையும் ஊரையும் சேர்த்து எழுதுங்கள். கீவேர்டு என்ற மெட்டா குறியில் சொற்களை அடுக்கித் தரச் சொல்லி யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். அந்தக் குறியை வரிசைப்படுத்தலுக்குப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009இலேயே அறிவித்துவிட்டது.

ஊர்ப்பெயரில் நமக்குத் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. நம் வீடுகளில் ரங்கூன், பர்மா என்றே சொல்கிறோம். பெயர்கள் 1989இல் மாறியதால், தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் யாங்கோன், யங்கூன், மியான்மர் என்று பலவிதமாக அடிக்கிறார்கள். எல்லா வடிவங்களையும் ஒரே வரியில் குவித்து வைப்பது படிப்பவருக்கு எரிச்சலூட்டும். தலைப்பில் ஒரு வடிவத்தையும் முதல் பத்தியில் "யாங்கோன் என்று இன்று வழங்கும் ரங்கூனில்" என்பது போல இன்னொரு வடிவத்தையும் இயல்பாக வையுங்கள்.

படி 6: பக்க முகவரியை ஆங்கில எழுத்தில் வையுங்கள்

இது என் சொந்தக் கருத்து. தமிழ் முகவரிகளையும் கூகுள் ஏற்றுக்கொள்ளும். ஆனால் முகவரியில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் ஒன்பது எழுத்துகளாக விரியும். "தமிழ்" என்ற சொல்லில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறிகள் இருப்பதால் அது மட்டுமே 45 எழுத்துகள் ஆகிறது. வேர்ட்பிரஸ் பக்கப் பெயருக்கு 200 எழுத்துகள்தான் இடம் தருகிறது. 22 குறிகளுக்கு மேல் போனால் முகவரி பாதியில் வெட்டுப்படும். வைபரில் பகிர்ந்தாலும் விழுக்காட்டுக் குறிகளின் நீண்ட வாலாகத் தெரியும். ஏற்கெனவே உள்ள முகவரியை மாற்றுவதாக இருந்தால், பழைய முகவரிக்கு வருகிறவரைத் தானாகப் புதியதற்கு அனுப்பும் 301 திருப்பம் கட்டாயம் போடுங்கள்.

படி 7: படங்கள்

விலைப்பட்டியலைப் படமாக மட்டும் போடாதீர்கள், எழுத்தாகவும் போடுங்கள். படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் தேடுபொறி படித்துவிடும் என்று நம்பியிருக்க முடியாது. போன் கேமராவில் எடுத்த படத்தை அப்படியே ஏற்றாமல், அகலத்தைக் குறைத்து, கோப்பின் அளவு சிறிதாகும் வெப்-பி வடிவில் ஏற்றுங்கள். கூகுள் இப்போது தளத்தின் போன் வடிவத்தையே படிக்கிறது. மின்சாரம் போனதும் போன் டேட்டாவில்தான் நம் வாடிக்கையாளர்களும் பக்கத்தைத் திறக்கிறார்கள்.

படி 8: சைட்மேப் கொடுத்துவிட்டுக் காத்திருங்கள்

வேர்ட்பிரஸ் 5.5 பதிப்பிலிருந்து சைட்மேப்பை, அதாவது தளத்தின் பக்கங்களைத் தேடுபொறிக்குச் சொல்லும் பட்டியலை, தானே உருவாக்கித் தருகிறது. அதன் முகவரியைச் சர்ச் கன்சோலில் சேருங்கள். திருத்திய முக்கியப் பக்கங்களை ஒவ்வொன்றாக முகவரிச் சோதனைப் பெட்டியில் இட்டு, மறுபடி படிக்கும்படி கேளுங்கள். ஒரே பக்கத்துக்கு மீண்டும் மீண்டும் கேட்பதால் வரிசையில் முந்த முடியாது. எங்கள் தமிழ்ப் பக்கம் தேடலில் வரத் தொடங்க மூன்று வாரம் ஆனது.

பிற்சேர்க்கை: காத்திருக்கும் நாட்களில், நம் தளத்தைச் சுட்டும் இணைப்புகளைப் பிற தளங்களில் பணம் கொடுத்து வாங்கலாமா என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். வேண்டாம், அது கூகுளின் விதிகளுக்கு எதிரானது. நீங்கள் சமைத்துக் கொடுத்த கோயிலுக்கோ சங்கத்துக்கோ தளம் இருந்தால், திருவிழாச் செய்தியில் உங்கள் தளத்தையும் குறிப்பிடச் சொல்லிக் கேளுங்கள்.

இப்போது மாதத்தில் ஒருநாள், கடைக் கணக்கை முடித்த கையோடு, சர்ச் கன்சோலில் எந்தச் சொற்களுக்கு எங்கள் பக்கம் காட்டப்பட்டது என்ற பட்டியலை மாமாவுக்கு வாசித்துக் காட்டுகிறேன். போன மாதம் அதில் "மோல்மேன் அன்னதானச் சமையல்" என்ற தேடல் இருந்தது. மோல்மேனுக்குப் போய்ச் சமைப்பது பற்றி எங்கள் தளத்தில் ஒரு வரிகூட இல்லை. பாத்திரம் எடுத்துப் போவதா, அங்கேயே வாடகைக்கு எடுப்பதா, எத்தனை பேருக்கு எத்தனை ஆள் வேண்டும் என்று மாமா சொல்லச் சொல்ல அந்தப் பக்கத்தை இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன்.