கோடையில் கேன்யன் பக்கம் போகும் சாரணர் குழுவுக்கு

அமெரிக்காவின் யூட்டா, அரிசோனா மாநிலப் பள்ளத்தாக்குகளுக்குப் பிள்ளைகளை வேனில் அழைத்துப் போகிறீர்களா? வெயிலைவிட நான் பயப்படுவது மழைக்குத்தான். ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை அங்கே மதியத்துக்கு மேல் இடிமழை வழக்கம். தலைக்கு மேல் வானம் வெளுத்திருந்தாலும், பல மைல் தள்ளிப் பெய்த மழை குறுகலான பாறை இடுக்குகளில் திடீரென வெள்ளமாகப் பாயும். 1997 ஆகஸ்டில் அரிசோனாவின் லோயர் ஆன்டலோப் கேன்யன் என்ற பாறை இடுக்கில் 11 பேர் இப்படித்தான் இறந்தார்கள். அதனால் காலையிலேயே பூங்கா அலுவலகத்தில் வெள்ள அபாயம் பற்றிக் கேளுங்கள். வெள்ளம் வரலாம் என்று சொன்னால் இடுக்குப் பக்கமே வேண்டாம். பிள்ளைகள் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

கிராண்ட் கேன்யனில் இறங்குவது சுலபம், ஏறுவதுதான் பாடு. இறங்க ஆன நேரத்தைப் போல இரண்டு மடங்கு ஏற்றத்துக்கு ஒதுக்குங்கள். காலை 10 முதல் மாலை 4 வரை பள்ளத்துக்குள் நடக்க வேண்டாம். தண்ணீரோடு உப்புள்ள தின்பண்டமும் கட்டாயம். வெறும் தண்ணீராகக் குடித்துக்கொண்டே இருந்தால் உடலில் உப்புக் குறைந்துவிடும்.

அப்புறம் கடிகாரம். கோடையில் யூட்டா அரிசோனாவைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். அரிசோனாவுக்குள்ளேயே நவஹோ பழங்குடியினரின் நிலத்திலும் யூட்டா நேரம்தான். எல்லையோரத்தில் கைப்பேசி மாறி மாறிக் காட்டும். முன்பதிவு எந்த நேரக் கணக்கில் என்று கேட்டு, சாதாரணக் கைக்கடிகாரம் ஒன்றை அதற்குத் திருப்பி வையுங்கள்.