வலப்பக்கம் ஓடிய பந்தை நேராக்கிய விதம்

கோல்ஃப் பழக ஆரம்பித்த புதிதில், டிரைவரை, அதாவது பந்தைத் தொலைதூரம் அடிக்கும் நீளமான மட்டையை, எடுத்தாலே என் பந்து வலது பக்கம் வளைந்து மரங்களுக்குள் போய் விழும். ஸ்லைஸ் என்பார்கள், வலது கைக்காரர்களுக்கு வரும் வழக்கமான தொல்லை. பந்தைத் தொடும் நொடியில் கிளப்பின் (மட்டையின்) முகம், அது வீசப்படும் பாதையைவிட வலப்புறமாகத் திறந்திருப்பதுதான் காரணம்.

எனக்குக் கைகொடுத்தது பிடியை மாற்றியதுதான். இடது கையைக் கொஞ்சம் வலப்பக்கமாகத் திருப்பி வைத்தேன். குனிந்து பார்த்தால் இரண்டு மூன்று விரல் முட்டிகள் கண்ணில் பட வேண்டும். இறுக்கிப் பிடிக்கவும் கூடாது, மணிக்கட்டு விறைத்துவிடும். டிரைவரை ஓரங்கட்டிவிட்டு, 7ஆம் எண் அயர்ன் என்ற குட்டையான மட்டையை இடுப்பு உயரம் வரை மட்டும் வீசிப் பழகினேன். சரியான அலுப்பு! ஆனால் பந்து நேராகப் போனது.

அப்புறம்தான் மறுபடி டிரைவர், பந்து இடது குதிகாலுக்கு நேராக, டீ என்ற சிறு முளை மேல். வளைவு முழுசாகப் போகவில்லை, ஆனாலும் பந்து பெரும்பாலும் ஃபேர்வேயிலேயே, அதாவது புல் வெட்டிய நடுப்பாதையிலேயே, நிற்கிறது.