தானாகப் பழைய நிலைக்குத் திரும்பிய சி2

பறக்கும் பறவைகளுக்கென்று கேமராவின் சி2-இல் (நமக்கு வேண்டிய அமைப்புகளைச் சேமித்து வைக்கும் டயல் நிலைகளில் ஒன்று) 1/3200 விநாடி ஷட்டர் வேகம், ஆட்டோ ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்), தொடர் ஃபோகஸ் எல்லாவற்றையும் பதிந்து வைத்திருந்தேன். பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தில் வெள்ளைக் கொக்கு வெளிறிப்போகாமலிருக்க எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) -1 ஆகக் குறைப்பேன். சற்று நேரத்தில் அது பூஜ்யத்துக்குப் போய்விடும். டயல் தளர்ந்துவிட்டதோ என்று டேப் ஒட்டினேன். மென்பொருளைப் புதுப்பித்தேன். பலனில்லை.

தொடர்ந்து படமெடுக்கும்போது இது நடக்கவேயில்லை. பறவைக்காகக் காத்திருந்த பிறகு மட்டுமே நடந்தது. ஒரு நிமிடம் தொடாவிட்டால் கேமரா உறங்கிவிடுகிறது. விழிக்கும்போது பதிந்த நிலையையே எடுத்துக்கொள்கிறது!

மாற்றங்களை சி2-இல் தானாகவே பதிந்துகொள்ளும் தானியங்கிப் புதுப்பிப்பை மெனுவில் இயக்கலாம்தான். ஆனால் தற்காலிக மாற்றமெல்லாம் சி2-க்குள் ஏறிவிடும். அது இதைவிடப் பெரிய தலைவலி. உறங்கும் நேரத்தை 30 நிமிடமாக்கினேன். கொக்குக்கென்று -1 சேர்த்து சி3-இல் தனியாகப் பதிந்தேன். பேட்டரிதான் கொஞ்சம் சீக்கிரம் தீர்கிறது.