டிஃபெண்டர் ரூலை சிம்பிள் பண்றப்போ செய்யக்கூடாத தப்புங்க

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், சுருக்கமா டி அண்ட் டி, பகடை உருட்டி ஆளுக்கொரு கேரக்டரா ஆடுற டேபிள் கேம், அதோட நாலாவது எடிஷன் 2008ல வந்துச்சு. அதுல எதிரியைத் தன் பக்கம் இழுத்து கூட்டாளியைக் காப்பாத்துறவன்தான் டிஃபெண்டர். ஃபைட்டர்ங்கிற டிஃபெண்டர் ஒரு எதிரியைத் தாக்கினா, அடி பட்டாலும் படலன்னாலும் அவனை மார்க் பண்ணலாம், மார்க் ஆனவன் ஃபைட்டரை விட்டுட்டு வேற ஆள் மேல பாய்ஞ்சா அடிக்க உருட்டுற பகடைல மைனஸ் 2, பக்கத்து கட்டத்துலயே நின்னுட்டு அதைப் பண்ணா ஃபைட்டர் குறுக்க ஒரு வெட்டும் போடலாம். அருமையான ஐடியா. ஆனா கூட பாலடின்னு இன்னொரு டிஃபெண்டரும் இருந்தா யார் மார்க் எவன் மேல, எப்போ முடியுது, புது மார்க் வந்ததுல பழசு போயிடுச்சான்னு கணக்கு வைக்கவே நேரம் போயிடும். எங்க டேபிள்ல மினியேச்சர் பொம்மை கழுத்துல கலர் கலரா பாட்டில் மூடி வளையம் மாட்டி வச்சோம், அப்பவும் "இந்த சிவப்பு யாரோடது"ன்னு ஆட்டம் நின்னுடும்.

அதனால சிம்பிள் பண்ண நினைக்கிறது நியாயம்தான். ஆனா நிறைய பேர் முதல்ல பண்ற தப்பு, "மார்க் ஆனா என்னைத்தான் அடிக்கணும்"னு ரூல் போடுறது. வீடியோ கேம்ல சரி, இங்க மான்ஸ்டரை ஓட்டுறது யோசிக்கிற ஒரு டிஎம் (டன்ஜன் மாஸ்டர், ஆட்டத்தை நடத்துறவர்), அவர் கையைக் கட்டிப்போட்டா சண்டை செத்துடும். மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடிம்பாங்கல்ல, எதிரி அந்த நிலைமைல இருக்கணும், எந்தப் பக்க இடி வேணும்னு அவனே முடிவு பண்ணட்டும்.

அடுத்தது, வெட்டைத் தூக்கிட்டு மைனஸ் 2 மட்டும் வச்சுக்கிறது. அடிக்கிற ரோல்ல பிளஸ் 7 இருக்கிற ஓகர், அதாவது ஒரு பூதம், ஏசி (காப்பு எண்) 17 இருக்கிற ஆளை அடிக்க 20 முகப் பகடைல 10 போட்டா போதும், அதாவது 55 சதவீதம். மைனஸ் 2 போனா 45. சாகக் கிடக்கிற விஸார்ட் (மந்திரவாதி) எதிர்ல இருக்கப்போ எந்த ஓகரும் இதுக்காக திரும்ப மாட்டான். வெட்டு இல்லாத மார்க் பல்லு புடுங்கின பாம்பு.

இன்னொண்ணு, எல்லாத்தையும் ரவுண்டுக்கு ஒரு தடவை மட்டும் பண்ண முடியிற ஒரே ரியாக்‌ஷன்ல அடக்குறது. அஞ்சாவது எடிஷன்ல புரொடெக்‌ஷன் ஸ்டைல் 2014 புக்ல இப்படித்தான் இருந்துச்சு, கையில ஷீல்டு வேணும், கூட்டாளி 5 அடிக்குள்ள நிக்கணும், ஒரு ரவுண்டுக்கு ஒரே ஒரு அடியைத்தான் கெடுக்க முடியும். நாலு காப்ளின் வந்தா மூணு பேர் ஜாலியா அடிச்சுட்டுப் போவான். போதாததுக்கு டிஎம் வேகமா உருட்டி "17, படுதா?"ன்னு கேட்டப்புறம்தான் பிளேயருக்கு ரியாக்‌ஷன் ஞாபகமே வரும்.

நான் பார்த்ததுல உருப்படியா சுருக்கினது 2010ல அதே நாலாவது எடிஷனோட எசென்ஷியல்ஸ் புக்ஸ்ல வந்த நைட்ங்கிற ஃபைட்டர் வகைதான். மார்க்கே கிடையாது. நைட்டை ஒட்டியிருக்கிற கட்டத்துல நிக்கிறவன் வேற ஆளை அடிச்சா மைனஸ் 2, கூடவே ஒரு வெட்டு, அதுவும் ரவுண்டுக்கு ஒண்ணுன்னு இல்லாம ஒவ்வொரு எதிரியோட டர்ன்லயும் ஒண்ணு. போர்டைப் பார்த்தாலே யார் மாட்டியிருக்கான்னு தெரியும், வளையம் எதுக்கு?

இதை உங்க ஆட்டத்துக்கு எடுத்துக்கிட்டா ரெண்டு கட்டம் மூணு கட்டம்னு அகலமாக்காதீங்க, அப்புறம் எங்க போய் நிக்கணும்ங்கிற யோசனையே பிளேயருக்கு இருக்காது. டிஎம் கிட்டயும் இதை மறைக்காதீங்க, எதிரிக்குத் தெரிஞ்சாதான் அவன் தயங்குவான். போன தடவை எங்க டிஎம் ஓகர் மினியேச்சரைக் கையில பிடிச்சுக்கிட்டு விஸார்டைப் பார்த்தாரு, நைட்டைப் பார்த்தாரு, மறுபடி விஸார்டைப் பார்த்தாரு, டேபிள்ல ஒருத்தர் மூச்சு விடல.