சைக்கிளுக்குக் கட்டைக் களிசான் தைக்கிறீர்களா? முதலில் கவட்டைப் பாருங்கள்

சைக்கிள் ஓடுவதற்கென்று சொந்தமாகக் கட்டைக் களிசான் வெட்டித் தைக்க வெளிக்கிடுகிறவர்கள் கொண்டுவந்து காட்டும் களிசான்களில் திரும்பத் திரும்ப ஒரே பிழைகளைத்தான் காணமுடிகிறது. அளவு ஒரு சுற்றுக் குறைவது, கால் இரண்டும் ஒரே பக்கமாக வெட்டுப்படுவது போன்றவற்றை முதற் களிசானே கற்பித்துவிடும். அவற்றை இங்கே எழுதவில்லை. கண்ணாடிக்கு முன்னால் நின்று பார்க்கும்போது குறையே தெரியாமல், சீற்றில் ஏறி இருந்து அரைமணித்தியாலம் உழக்கிய பிறகு தெரியவரும் பிழைகள்தான் விஷயம்.

இது பந்தயத்துக்குப் போடும் ஒட்டுக் களிசான் அல்ல. யாழ்ப்பாணத்தில், கொக்குவிலிலிருந்து பட்டணத்துக்கு, நல்லூரிலிருந்து ஆஸ்பத்திரி வீதிக்கு, திருநெல்வேலிச் சந்தைக்குப் போய் மரக்கறிப் பையோடு திரும்பி வர. இறங்கினால் அப்படியே கடைக்குள்ளோ வங்கிக்குள்ளோ நுழையக்கூடியதாக இருக்கவேண்டும். மேடு பள்ளம் இல்லாத ஊர் என்பதால் சீற்றிலிருந்து எழும்பி நின்று உழக்கும் தேவை இங்கே அருமை. ஏறினால் இறங்கும்வரை இருந்தபடிதான். ஆகவே களிசானின் கீழ்ப்பகுதி ஓய்வில்லாமல் பாரம் வாங்குகிறது.

நின்றபடி அளவெடுப்பது

நின்ற உடம்புக்கு வெட்டிய களிசான் சைக்கிளில் ஏறியதும் பின்பக்கம் கீழே இறங்கும், முன்பக்கம் வயிற்றில் மடிந்து குத்தும். முதுகு வளையும்போது பின்பக்கத்துக்குக் கூடுதல் துணி வேண்டும். முன்பக்கத்துக்கு அவ்வளவு வேண்டாம்.

எவ்வளவு கூட்ட வேண்டும் என்பதை ஊகிக்கத் தேவையில்லை. சைக்கிளை மதிலோடு சாத்துங்கள். உங்களுக்கு அளவான பழைய களிசான் ஒன்றைப் போட்டு, இடுப்புப் பட்டியின் மேல்விளிம்போடு சேர்த்து ஒரு நூலை உடம்பில் கட்டுங்கள். ஏறி இருந்து, வழமையாகப் பிடிக்கிற மாதிரி ஹான்டிலைப் பிடியுங்கள். பின்பக்கம் பட்டி நூலைவிட்டு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று இன்னொருவரைக் கொண்டு அளப்பியுங்கள். நிமிர்ந்து ஓடும் பழைய பெரிய சைக்கிளில் ஒன்றேகால் அங்குலமளவில் வரும். நேர் ஹான்டில் வைத்த சைக்கிளில் ஒன்றேமுக்கால், சிலருக்கு இரண்டு. அந்த அளவைப் பின் நடுத் தையலின் தலைப்பில் கூட்டி, பக்கத் தையலுக்கு வரும்போது ஒன்றுமில்லாமல் சரித்து முடியுங்கள். முன் நடுவில் அரை அங்குலம் குறைக்கலாம்.

தொடையையும் பெடல் மேலே நிற்கும் நிலையில், கால் மடங்கியபடியே அளக்கவேண்டும். அந்தச் சுற்றளவோடு இரண்டரை முதல் மூன்று அங்குலம். அதற்குக் குறைந்தால் ஒவ்வொரு உழக்குக்கும் துணி மேலே இழுபட்டுப்போகும்.

நாலு தையலும் சீற்றின் நடுவில் சந்திப்பது

மற்றப் பிழைகளைப் பொறுத்துக்கொள்ளலாம். இதைப் பார்க்கும்போது இன்றைக்கும் எரிச்சல்தான் வருகிறது, ஏனென்றால் தவிர்க்க ஒரு முழத் துணித்துண்டுகூடத் தேவையில்லை.

சாதாரணக் களிசானில் முன் நடுத் தையல், பின் நடுத் தையல், இரண்டு உட்காற் தையல் என்று நாலும் கவட்டில் ஒரே புள்ளியில் வந்து சேரும். நடக்கிறவருக்கு அதனால் ஒரு கரைச்சலும் இல்லை. சைக்கிளில் இருப்பவருக்கு உடம்பின் பாரமும் சீற்றின் கடினமும் சந்திக்கும் இடம் அதுதான். ஜீன்ஸ் போல மடித்து அடித்த தையலில் மூன்று, நாலு அடுக்குத் துணி இருக்கும். அப்படி இரண்டு தையல்கள் ஒன்றையொன்று குறுக்கிடும் சந்தியில் அடுக்கு பத்தைத் தாண்டும். விரல்களுக்கிடையில் பிடித்து நசித்துப் பாருங்கள், கொட்டைப்பாக்கு மாதிரி ஒரு கட்டி அகப்படும். இருப்பெலும்புகள் இரண்டுக்கும் நடுவே நரம்பும் இரத்தக் குழாயும் ஓடும் மெல்லிய இடத்தை அது நசிக்கிறது. முதலில் விறைப்பு, பிறகு வியர்வையோடு தோல் உரைவு, வெயிற் காலத்தில் கொப்புளம்.

துணியும் தப்பாது. கட்டி அசையாமல் நிற்க, அதை ஒட்டிய ஒற்றைத் துணி சீற்றோடு உரைந்து தேயும். நூல் அறாது. தையலின் ஓரமாகத் துணிதான் கிழியும். அதைப் பார்த்துவிட்டுத் தையல் பலம் போதவில்லை என்று நினைப்பதுதான் அடுத்த பிழை. “தம்பி, இன்னும் ரெண்டு தையல் போட்டுத் தாறன், பிறகு அறாது” என்பார் தையற்காரர். உள்ளே ஒரு ஒட்டுத் துணியும் வைத்து, குறுக்கும் மறுக்குமாக மெசின் ஓட்டித் தருவார். கட்டி முன்னையைவிடப் பெரிதாகும். ஒட்டுத் துணியின் விளிம்பில் புதிய கிழிசல் தொடங்கும். நல்ல துணி வாங்கி, தையற்கூலியும் கொடுத்து, பிறகு அந்தக் களிசானை வீட்டு வேலைக்குப் போட ஒதுக்கிவைத்த பிள்ளைகள் எத்தனையோ பேர். சைக்கிளே சரிவராது என்று விட்டவர்களும் உண்டு.

செய்யவேண்டியது இது: சந்தியை வெட்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பட்டம் போன்ற வடிவில் ஒரு கவட்டுத் துண்டு வைப்பது.

கடதாசியில் வெட்டிய முன்துண்டில், கவட்டு முனையிலிருந்து நடுத் தையற்கோட்டில் மேலே ஒன்றரை அங்குலத்தில் ஒரு குறி. அதே முனையிலிருந்து உட்காற் கோட்டில் கீழே நாலரை அங்குலத்தில் இன்னொரு குறி. இரண்டையும் நேர்கோட்டால் இணைத்து, அந்த முக்கோணத்தை வெட்டி எடுங்கள். பின்துண்டில் மேலே மூன்று அங்குலம், கீழே அதே நாலரை. பின்பக்கம் ஏன் இரட்டிப்பு? பாரம் கவட்டு முனைக்குப் பின்னால்தான் விழுகிறது. பின் நடுத் தையல் அதற்கு அப்பால் போய்த் தொடங்கவேண்டும்.

இடது, வலது என்று வெட்டியெடுத்த முக்கோணங்கள் நாலையும் கவட்டு முனைகள் நடுவில் சேரும்படி கடதாசியில் ஒட்டுங்கள். அவை ஒன்றோடொன்று முழுதும் பொருந்தாமல் இடையில் நீக்கல் விழும். அந்த நீக்கலையும் சேர்த்து வெளிவிளிம்பைக் கோடு போடுங்கள். குறுக்கே ஏறக்குறைய ஒன்பது அங்குலமும், முன்பின்னாக நாலரை அங்குலமளவும் வரும். கால் அகன்று மடங்குவதற்கு வேண்டிய இடத்தை அந்த நீக்கல்தான் தருகிறது. பட்டத்தின் நாலு பக்கமும், தாங்கள் பொருந்தவேண்டிய வெட்டுக்கோட்டின் நீளத்துக்குச் சரியாக இருக்கவேண்டும். சரிபார்ப்பது தையற்கோட்டில், துணி விளிம்பில் அல்ல. பிறகு சுற்றிவர அரை அங்குலம் தையலுக்கு விடுங்கள். பட்டத்தின் ஒன்பது அங்குலக் குறுக்களவு துணியின் நெட்டிழைக்கு நேராக வரட்டும். சரிவாக வெட்டினால் கொஞ்ச நாளில் தொய்யும்.

தைக்கும் ஒழுங்கு முக்கியம். முன் நடுத் தையலையும் பின் நடுத் தையலையும் தனித்தனியே அடித்து, கவட்டுப் பக்க விளிம்புக்கு அரை அங்குலம் இருக்கும்போது நிறுத்துங்கள். அடுத்து, பட்டத்தின் முன்விளிம்பை முன்துண்டுகளோடு சேருங்கள். நடு முனை வந்ததும் ஊசியைத் துணியில் இறக்கி வைத்துக்கொண்டு, மெசின் காலைத் தூக்கி, துணியைத் திருப்பி, மற்றப் பக்கம் போகவேண்டும். கடைசியாக ஒரு காலின் கீழ்விளிம்பிலிருந்து தொடங்கி உட்காற் தையல் வழியாக ஏறி, பட்டத்தின் பின்விளிம்பைச் சுற்றி, மற்றக் காலின் அடிவரை ஒரே ஓட்டமாக அடியுங்கள். எந்த மூலையிலும் தையலுக்கு விட்ட மடிப்பை மேலே ஏறி அடிக்கக்கூடாது. அடித்தால் பழைய கட்டி சின்னதாகத் திரும்பி வந்துவிடும்.

பட்டத்தைச் சுற்றியுள்ள மடிப்புகளை வெளிப்பக்கமாகத் தள்ளி அயன் பிடித்து, தையலிலிருந்து கால் அங்குலத்துக்குள் மேலே ஒரு தையல் ஓட்டுங்கள். இங்கே ஜீன்ஸ் மடிப்பு வேண்டவே வேண்டாம். தையல் ஒன்றுமே சீற்றில் படாது என்று சொல்லவில்லை. நாலும் சேரும் முடிச்சு போய்விடும். மிஞ்சுவது தட்டையான ஒற்றைத் தையல். அது உறுத்தாது.

கடையில் வாங்கிய களிசானையும் திருத்தலாம். சந்தியிலிருந்து முன்னே ஒன்றரை, பின்னே மூன்று, கால்களில் நாலரை அங்குலம் தையலைப் பிரித்து, திறக்கும் இடைவெளிக்குக் கடதாசி வைத்து அளவெடுத்து, பட்டம் ஒன்றைச் செருகுங்கள். துணி அதே தடிப்பில் இருந்தால் நிறம் மாறினாலும் பரவாயில்லை.

கவட்டைத் தொங்கவிடுவது

“லூசாக இருந்தால் வசதி” என்று கவட்டை இரண்டு, மூன்று அங்குலம் கீழே இறக்குகிறார்கள். இது ஆபத்தானது. வீதிச் சந்தியில் சடுதியாக பிரேக் பிடித்து முன்னால் இறங்கும்போது தொங்கும் துணி சீற்றின் மூக்கில் கொழுவும். கால் தரையில் ஊன்றுமுன் ஆள் சரிவார். உடம்புக்கும் கவட்டுக்கும் இடையில் முக்கால் அங்குலம், கூடினால் ஒன்று. அதற்குமேல் தேவைப்படும் வசதியைக் கவட்டுத் துண்டுதான் தரவேண்டும்.

துணி

பழைய ஜீன்ஸை வெட்டித் தைப்பது சிக்கனம்தான். ஆனால் வியர்வையில் நனைந்த தடித்த ஜீன்ஸ் காய நேரமெடுக்கும், நனைந்தபடியே உரைக்கும். முழுப் பொலியெஸ்ரரில் சித்திரை வெயிலில் அவியும். பருத்தியும் பொலியெஸ்ரரும் கலந்த, சரிவு வரி நெசவுள்ள துணி, சதுர மீற்றருக்கு 200 முதல் 240 கிராம், அதில் இரண்டு மூன்று வீதம் இழுபடும் நூல் இருந்தால் மிக நல்லது. 58 அங்குல அகலத் துணியில் ஒரு மீற்றர் பெரும்பாலானவர்களுக்குப் போதும், கவட்டுத் துண்டும் அதற்குள் அடங்கும்.

ஆடைத் தொழிற்சாலைகளில் மிஞ்சிய துணி மலிவாகக் கிடைக்கும்போது என்ன துணி என்று எழுதியிருக்காது. நாலைந்து நூலை உருவிக் கொளுத்துங்கள். கடதாசி எரியும் மணத்தோடு மெல்லிய சாம்பலானால் பருத்தி. உருகிக் கட்டியாகி உறைந்தால் பொலியெஸ்ரர். இரண்டும் கலந்து நடந்தால் கலப்புத் துணி.

இழுபடும் துணியில் இன்னொரு பிழை: துணி மிச்சம் பிடிக்கத் துண்டுகளைத் திருப்பிப் போட்டு வெட்டுவது. இத்துணிகள் பெரும்பாலும் அகலவாக்கில்தான் இழுபடும். அந்த இழுவை தொடையைச் சுற்றி வரவேண்டும். திருப்பி வெட்டினால் இழுபடும் துணிக்குக் கொடுத்த காசு வீண், முழங்காலும் தொங்கும்.

வெட்டுமுன் நனைத்துக் காயவிடுங்கள். பருத்தி கூடிய துணி மீற்றருக்கு மூன்று முதல் ஐந்து சென்ரிமீற்றர் சுருங்கக்கூடும்.

பருத்தி நூல்

வேண்டாம். வியர்வையில் உக்கும். பொலியெஸ்ரர் நூல், 14ஆம் இலக்க ஊசி. நேர்த்தையல் மட்டும் போடும் கால் மெசினில் இழுபடும் துணியை அடிக்கும்போது முன்னும் பின்னும் மெதுவாகப் பிடித்து இழுத்தபடி ஓட்டுங்கள், பிறகு தையல் வெடிக்காது.

உள்ளே ஸ்பொஞ் வைப்பது

ஐந்தாறு கிலோமீற்றருக்கு ஸ்பொஞ் தேவையில்லை. வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொண்டு உரைக்கும், காயவும் காயாது. நோகிறதென்றால் சீற்றின் உயரத்தையும் சரிவையும் பாருங்கள்.

பொக்கற்

சாய்வாக வெட்டிய பக்கப் பொக்கற் இருந்த நிலையில் வாய் திறந்து கிடக்கும். சில்லறையும் போனும் வீதியில் விழுவது அப்படித்தான். வீட்டுத் திறப்பு உள்ளே கிடந்தால் உழக்குக்கு உழக்கு தொடை மடிப்பில் குத்தும். போன் வைக்கும் பொக்கற்றை வெளிப்பக்கத் தொடையில், பக்கத் தையலுக்குச் சற்றுப் பின்னால், இடுப்புப் பட்டியிலிருந்து எட்டு அங்குலம் கீழே அதன் வாய் வரும்படி தையுங்கள். அகலம் நாலரை, ஆழம் ஏழு அங்குலம், வாயில் சிப். தைக்குமுன் போனை உள்ளே வைத்து, ஊசி குத்தி, பெடலை ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். இடுப்பு மடிப்பிலும் சீற்றின் ஓரத்திலும் அது முட்டக்கூடாது.

பின் பொக்கற்றில் தெறி

நீங்கள் அதன் மேல்தான் இருக்கப்போகிறீர்கள்.

இடுப்பு

முழுச் சுற்றும் இலாஸ்ரிக் போட்டால் போனின் பாரத்துக்கு இறங்கும். முழுதும் விறைத்த பட்டி குனியும்போது வயிற்றை வெட்டும். முன்பாதி தட்டையாக, பின்பாதிக்கு மட்டும் ஒன்றரை அங்குல அகல இலாஸ்ரிக்.

முழங்காலுக்கு மேலே தூக்கி வெட்டுவது

நிற்கும்போது முழங்காற் சில்லின் பாதிவரை மூடுகிற களிசான், ஏறி இருந்தால் இரண்டு அங்குலமளவு மேலே போகும். அதைக் கணக்கில் எடுத்து வெட்டினால் கந்தோருக்கோ யாராவது வீட்டுக்கோ போய் இறங்கும்போது கூச்சமிருக்காது. கோயிலுக்குப் போகும் எண்ணமிருந்தால் வேட்டியைப் பையில் வையுங்கள்.

பெண் பிள்ளைகளுக்கு வேறு வெட்டு என்று நினைப்பது

பாவாடைக்கோ பஞ்சாபிச் சட்டைக்கோ உள்ளே கட்டைக் களிசான் போட்டு ஓடும் பெண்கள் இங்கே நிறைய. உள்ளே போடுவதுதானே என்று கையில் அகப்பட்ட வெட்டில் தைத்துக் கொடுக்கிறார்கள். கவட்டுச் சந்தி அவர்களுக்கும் அதே இடத்தில்தான் நசிக்கிறது. பின்னல் துணியில் தைத்தாலும் கவட்டுத் துண்டு கட்டாயம். இடுப்பெலும்பு அகலம் கூடியவர்களுக்குப் பட்டத்தின் குறுக்களவை ஒரு அங்குலம் கூட்டுங்கள், உட்காற் கோட்டில் நாலரைக்குப் பதில் ஐந்து.

இரவுக்கு ஒன்றும் வைக்காமல் விடுவது

கறுப்புக் களிசான், வெளிச்சமில்லாத ஒழுங்கை. பின்பக்கக் கீழ்விளிம்பு இரண்டிலும் முக்கால் அங்குல ஒளி தெறிக்கும் பட்டி தைக்கவேண்டும். கால் ஏறி இறங்குவதால் பின்னால் வருபவரின் கண்ணில் சட்டையைவிட அதுதான் முதலில் படும்.

கிணற்றுத் தண்ணீரை மறப்பது

நன்றாகத் தைத்த களிசானும் சில மாதங்களில் மொறமொறவென்று விறைத்து உரைக்கத் தொடங்கினால் தையலைப் பிரிக்க அவசரப்படாதீர்கள். எங்கள் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளிருந்து வருகிறது. சவர்க்காரம் அதில் நுரைப்பது குறைவு, கரையாத பசையாகி இழைகளுக்குள் தங்கும். கவட்டுப் பகுதியில் வியர்வை உப்பும் அதோடு சேர்ந்து இறுகும். கட்டிச் சவர்க்காரத்தைக் கவட்டில் தேய்க்காமல், சலவைத் தூளைக் குறைத்துப் பாவித்து, உட்புறத்தை வெளியே திருப்பிக் கழுவுங்கள். கடைசி அலசலுக்கு ஒரு வாளித் தண்ணீரில் கால் கோப்பை வினாகிரி விட்டால் பசை கழன்றுவிடும். மாரியில் பிடித்த மழைத்தண்ணீர் இருந்தால் வினாகிரியும் தேவையில்லை. உட்புறம் வெளியே தெரிகிறபடியே கொடியில் போட்டால் கவட்டுத் தையல் முதலில் காயும்.