ஆளுங்கள கேம்ப் அனுப்புறீங்களா? டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி இதையும் பாருங்க

கோயம்புத்தூர்ல, நூல் மில்லுல ஓடுற ஸ்பின்னிங் மெஷின் சர்வீஸ் டீமுக்கு டூர் புரோகிராம் போடுறது என் வேலைங்க. அதுக்கு முன்னாடி ஒம்பது வருஷம் நானே பையத் தூக்கிட்டு மில்லு மில்லா கேம்ப், அதாவது வெளியூர்ல தங்கிப் பாக்குற வேலைக்கு, போனவன். 2020 மார்ச்ல ரயில் நின்னதுக்கப்புறம் ரொம்ப நாளைக்கு மில்லு ஃபிட்டர வாட்ஸ்அப் வீடியோ கால்ல வெச்சுக்கிட்டு, அந்த கவர கழட்டுங்க, சென்சார் லைட் எந்த கலர்ல எரியுதுன்னு காட்டுங்கன்னு சொல்லியே ஓட்டினோம், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா திறந்து இப்ப சூரத், ராஜஸ்தான் பில்வாரா, பஞ்சாப் லூதியானா, டாக்கான்னு பழையபடி எல்லா பக்கமும் ஆள் போயிட்டு வர்றாங்க. ஆனா போற ஆளுங்க வீட்டு நிலைமை பழையபடி இல்ல. ஒருத்தருக்கு அந்த நடுவுல குழந்தை பிறந்திருக்கு, ஒருத்தர் அம்மா படுத்த படுக்கையா இருக்காங்க, ஒருத்தருக்கு புதுசா சுகர். நடுவுல வேலைக்கு சேர்ந்த பசங்க சில பேரு அதுவரைக்கும் தனியா ஒரு ராத்திரி லாட்ஜ்ல தங்கினதே இல்ல.

அதனால முதல்ல கேளுங்க. புரோகிராம் போட்டுட்டு கேக்கக்கூடாது, போடுறதுக்கு முன்னாடியே கேக்கணும், அதுவும் குரூப்ல கேக்காம ஒவ்வொருத்தரா கூப்பிட்டு டீ குடிச்சுக்கிட்டே கேளுங்க. மாசத்துல எத்தன நாள் வெளியூர் முடியும், எந்த தேதி கண்டிப்பா வீட்ல இருக்கணும், தினமும் போடுற மாத்திரை ஏதாவது இருக்கான்னு கேட்டாலே போதும். மாத்திரை விஷயம் சொல்ல இஷ்டமில்லன்னா விட்டுடுங்க. நான் இத ஒரு நோட்ல எழுதி பூட்டி வெச்சிருக்கேன், வேற யாருக்கும் காட்டுறதில்ல.

அடுத்து காசு. எனக்கு இதுலதான் மனசு ரொம்ப அடிச்சுக்கும். கம்பெனி வேலைக்கு ஒருத்தர் சொந்த கிரெடிட் கார்ட தேய்ச்சு ரூம் போட்டு, வவுச்சர் குடுத்து, அது செட்டில் ஆக ஒன்றரை மாசம் ஆச்சுன்னா அவர் என்ன பண்ணுவாருன்னு நினைக்கிறீங்க, ராத்திரி சாப்பாட்ட பிஸ்கட்டா மாத்திடுவாரு. நானே பண்ணியிருக்கேன். கிளம்புறதுக்கு முந்தின நாளே அட்வான்ஸ் அக்கவுண்ட்ல ஏறிடணும், திரும்பி வந்து ஒரு வாரத்துல செட்டில் ஆகணும். ஆட்டோவுக்கு பில்லு எங்கன்னு கேக்காதீங்க, எழுதிக் குடுத்தா ஒத்துக்கோங்க. சாப்பாட்டுக்கு பில்லு கேக்காம நாளுக்கு இவ்வளவுன்னு பேட்டாவா குடுத்துடுங்க, ஏன்னா வீட்டுச் சாப்பாடு மாதிரி கிடைக்கிற மெஸ்ல பில்லு தரமாட்டாங்க, பில்லுக்காகவே ஒரு மனுஷன் எண்ணெய் மிதக்குற பனீர தினமும் சாப்பிட்டு வயித்த கெடுத்துக்கணுமா?

டிக்கெட் சமாச்சாரத்துக்கு வருவோம். ரயில்ல முன்பதிவு 120 நாள் இருந்தது 2024 நவம்பர்ல இருந்து 60 நாளா குறைஞ்சாச்சு. மில்லுல புது மெஷின் நிறுவுற எரெக்‌ஷனுக்கெல்லாம் தேதி முன்னாடியே தெரியும், அப்பவே போட்டுடுங்க. மெஷின் திடீர்னு நின்னு அவசரமா கூப்பிடுற பிரேக்டவுன் வேலைக்குத்தான் தட்கால், ஏசிக்கு முந்தின நாள் காலைல 10 மணி, ஸ்லீப்பருக்கு 11 மணி. 2025 ஜூலைல இருந்து ஆதார் சரிபார்த்த ஐஆர்சிடிசி ஐடி இல்லாம ஆன்லைன் தட்கால் போட முடியாது, முதல் அரை மணி நேரம் ஏஜென்ட்டும் போட முடியாது, அதனால ஏஜென்ட் பார்த்துக்குவாருன்னு இருக்காம டீம்ல எல்லார் ஐடியையும் இப்பவே ஆதாரோட சேர்த்து வைக்கச் சொல்லுங்க. வெயிட்டிங் லிஸ்ட்ட கைல குடுத்து ஏறிக்கோ டிடிஇ கிட்ட பேசிக்கலாம்னு அனுப்பறத தயவுசெஞ்சு விட்டுடுங்க. ஆர்ஏசின்னா சைடு லோயர்ல ரெண்டு பேரு முட்டி மடக்கி உட்கார்ந்துட்டு போறது, கேரளா எக்ஸ்பிரஸ்ல டெல்லி போக ரெண்டு ராத்திரி ஆகும், அப்படி போன ஆளு மூணாவது நாள் ஓடுற ரிங் ஃபிரேம், அதான் நூல் நூக்குற மெஷின், முன்னாடி நிக்கிறாரு. பெல்ட்டும் ரோலரும் சுத்துற இடத்துல தூக்கக் கண்ணோட கை வைக்கிறவர் விரல்தான் போகும்.

இதுக்காக நாங்க ஒரு பழக்கம் வெச்சிருக்கோம். ராத்திரி பயணம் பண்ணிட்டு இறங்கினவர் நேரா மில்லுக்கு போகக்கூடாது. பெரும்பாலான லாட்ஜ்ல செக்கின் மதியம் 12, ட்ரெயின் விடிகாலை 5 மணிக்கு விட்டா நடுவுல ஏழு மணி நேரம் எங்க போவாரு? அதனால ரூம முந்தின நாள்ல இருந்தே போட்டுடுங்க, ஒரு நாள் வாடகை அதிகம் ஆகட்டும், குளிச்சு மூணு மணி நேரம் படுத்து எந்திரிக்கட்டும். கஸ்டமர்கிட்ட ஆளு மதியத்துக்கு மேல வருவாருன்னு நீங்களே சொல்லிடுங்க, இன்ஜினியர சொல்ல வைக்காதீங்க, அவர் சொன்னா மில்லு மேனேஜர் சத்தம் போடுவாரு, ஆபீஸ்ல இருந்து சொன்னா ஒத்துக்குவாரு. சென்னை வேலைன்னா ராத்திரி சேரன் எக்ஸ்பிரஸ் இருக்கு, காலைல 6 மணி வந்தே பாரத்தும் இருக்கு, அது மதியத்துக்குள்ள கொண்டு விட்டுடும். சிலருக்கு ரயில்ல தூக்கமே வராது, சிலருக்கு காலைல 4 மணிக்கு எந்திரிக்கிறது கஷ்டம், அவங்களே சொல்லட்டும்.

பக்கத்து ஊரு வேலையிலயும் ஆபத்து இருக்கு. திண்டுக்கல் மாதிரி ஊருக்குப் போயிட்டு அன்னிக்கே திரும்பலாம்னு போவாங்க, வேலை முடிய ராத்திரி 11 ஆயிடும், வீட்டுக்குப் போயிடலாம்னு கார எடுப்பாங்க. ராத்திரி 10 மணிக்கு மேல வேலை முடிஞ்சா அங்கயே ரூம், அதுக்கு யார்கிட்டயும் போன் போட்டு அனுமதி கேக்க வேண்டாம்னு எழுத்துல குடுத்துடுங்க. கேக்கணும்னு வெச்சா சங்கடப்பட்டுக்கிட்டு கேக்காமலே வண்டிய எடுத்துடுவாங்க. வாடகை கார்னா டிரைவருக்கும் சேர்த்து ரூம் போடுங்க, அவரும் காலைல இருந்து முழிச்சுட்டுத்தான இருக்காரு.

உடம்பு விஷயத்துல பெரிய செலவு எதுவும் இல்ல. பைல ஓஆர்எஸ் பாக்கெட், டாக்டர் சீட்டு ஜெராக்ஸ், போற நாளுக்கு மேல ஒரு வாரத்துக்கு கூடுதலா மாத்திரை. இன்சுலின் போடுறவங்க ஃப்ளைட்ல அத கைப்பையிலயே வெச்சுக்கணும், செக்கின் பெட்டில போட்டா உறைஞ்சு வீணாயிடலாம். 4 மணி நேரத்துக்கு மேல அசையாம உட்கார்ந்துட்டு போனா கால் ரத்தக் குழாய்ல ரத்தம் உறைஞ்சு கட்டுற ஆபத்து ஏறக்குறைய ரெண்டு மடங்காகும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருக்கு, அதனால பஸ்ஸோ ஃப்ளைட்டோ நடு நடுவுல எந்திரிச்சு நடக்கச் சொல்லுங்க, பஸ்ல நடக்க முடியாது, டீக்கு நிறுத்தும்போதாவது இறங்கணும். டிசம்பர் ஜனவரில லூதியானாவுக்கு நம்மூரு ஆள மெல்லிசு சட்டையோட அனுப்பிடாதீங்க, ஸ்வெட்டர், தெர்மலுக்கு தனியா காசு குடுங்க, பனிமூட்டத்துல ரயில் மணிக்கணக்குல லேட் ஆகும், அதனால திரும்புற டிக்கெட்ட நெருக்கிப் போடாதீங்க. மே மாசம் பில்வாரான்னா மதிய வெயில்ல ஆட்டோவுல சுத்துற மாதிரி வேலைய வெக்காதீங்க.

பொண்ணுங்களும் இப்ப சைட்டுக்கு போறாங்க, நல்ல விஷயம். பணியிட பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013ல, வேலை நிமித்தமா போற எந்த இடமும், கம்பெனி ஏற்பாடு பண்ற வண்டியும் பணியிடம்தான்னு இருக்கு. மில்லுல ஒருத்தன் தப்பா நடந்தா அது அந்த ஊரு பிரச்சனைன்னு நம்ம ஆபீஸ் கைய கழுவ முடியாது. யார்கிட்ட புகார் சொல்லணும், எந்த நம்பர்னு கிளம்புறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க, சரியில்லன்னா அந்த நிமிஷமே கிளம்பி வரலாம், வேலை பாதியில நின்னதுக்கு கேள்வி இல்லன்னு சேர்த்துச் சொல்லுங்க.

வெளிநாடுன்னா இன்னொன்னு. 2024 ஜூலைல பங்களாதேஷ்ல கர்ஃப்யூ போட்டு இன்டர்நெட்டையும் நிறுத்தினாங்க ஞாபகம் இருக்கா, வாட்ஸ்அப்ப மட்டும் நம்பின குடும்பங்க என்ன தவிச்சிருக்கும். மில்லு லேண்ட்லைன், தங்குற இடத்து நம்பர், அங்க இருக்கிற இந்தியத் தூதரக நம்பர், இன்சூரன்ஸ் நம்பர் எல்லாத்தையும் பேப்பர்ல எழுதி ஒண்ணு அவர் பர்ஸ்ல, ஒண்ணு அவர் வீட்ல, ஒண்ணு உங்க மேஜைல இருக்கட்டும்.

கேம்ப்ல இருக்கும்போது ராத்திரி 9 மணிக்கு ரிவ்யூ கால் வெக்காதீங்க, அது வீட்டோட பேசுற நேரம். ரெண்டு நாளைக்கு ஒருக்கா நான் ஒரு போன் பண்ணுவேன், சாப்பாடு எப்படி, ரூம் எப்படி, தூங்கினீங்களான்னு மட்டும், மெஷினப் பத்தி பேச மாட்டேன். முதல்ல ஒரு மாதிரி பார்த்தாங்க, இப்ப அவங்களே சொல்றாங்க.

ஞாயித்துக்கிழமை பயணத்துல போச்சுன்னா அதுக்கு பதிலா வேற ஒரு நாள் லீவு (காம்ப் ஆஃப்) குடுங்க, திரும்பி வந்த மறுநாள் காலை ஆபீஸ் வரச் சொல்லாதீங்க. மதியம் வந்ததும் வவுச்சர் வாங்குறதோட லாட்ஜ் பேரு, தண்ணி வந்துச்சா, மூட்டைப்பூச்சி இருந்துச்சா, பக்கத்துல எங்க நல்ல சோறு கிடைச்சுதுன்னு கேட்டு எழுதி வெச்சுக்கோங்க, அடுத்த தடவை அதே ஊருக்குப் போற ஆளுக்கு டிக்கெட்டோட அந்தப் பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்பிடலாம்.